சட்டை ஒன்று, மணிக்கட்டு வேறு

சீருடை தேவையா, தேவையில்லையா என்பது பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் வந்துபோகும் தலைப்பு. ஒரு பிள்ளை மேடையேறி சமத்துவம், ஒழுக்கம் என்று பேசும். அடுத்த பிள்ளை தனித்தன்மை, சுதந்திரம், இந்த வெயிலில் கழுத்தில் டை எதற்கு என்று பேசும். நடுவர் இருவரையும் பாராட்டி, டிபன் பாக்ஸைப் பரிசாகக் கொடுத்து அனுப்புவார். இரண்டு பேச்சிலும் காலனியிலிருந்து நடந்து வரும் பிள்ளை இருக்காது. எதை உடுத்துவது என்பது அந்தப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தாவுக்கு விருப்பம் சார்ந்த கேள்வியாக இருக்கவில்லை. உடுத்தினால் அடி விழுமா, குடிசை எரியுமா என்ற கேள்வியாக இருந்தது.

வேறெங்கோ நடந்ததைச் சொல்லவில்லை. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. கிராப்பு கூடாது, செருப்பு கூடாது, குடை கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அதற்கும் அடங்காததால் 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக நீண்டன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளைத்தான் மேய்க்க வேண்டும் என்பது அந்தப் புதிய பட்டியலில் வந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதையெல்லாம் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணியும் படிப்பும் ஒரே பட்டியலில் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் உடம்பிலேயே சாதி தெரிய வேண்டும், தெரிந்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. சட்டை போட்ட பையன் ஒருவன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் பள்ளிக்குப் போனால் இரண்டு தடைகளும் ஒரே நடையில் உடைந்துவிடும். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859-ல்தான் அரசு அறிவிப்பைப் பெற முடிந்தது. இது பழங்கதை என்று யாராவது சொன்னால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்யப்பட்ட திருத்தத்தைக் காட்டுங்கள். பட்டியல் சாதியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. தடுப்பவர்கள் இருப்பதால்தானே நாடாளுமன்றம் அதை எழுத வேண்டியிருந்தது?

ஆகவே, சீருடையால் பிள்ளையின் தனித்தன்மை போய்விடுகிறது என்ற வாதம் என்னை அவ்வளவாக அசைப்பதில்லை. தனித்தனியாகத் தெரிந்ததால் நம் ஆட்கள் பட்டது போதும். ஒன்றுபோலத் தெரிவது நமக்கு ஒரு வெற்றி.

காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, மதிய உணவைப் போலவே சீருடையும் ஊராரிடம் கேட்டு வாங்கப்பட்ட பொருளாக இருந்தது. பிறகு அரசே தரத் தொடங்கியது. சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு செட் என்று இருந்தது, 2012-13 முதல் நான்கு செட் ஆனது. துணியைக் கூட்டுறவுச் சங்கத்துத் தறிகள் நெய்கின்றன, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. கை நீளம், இடுப்பு அகலம் சரியில்லை, இரண்டு செட் இப்போது வந்தது, மீதி தீபாவளிக்குப் பிறகுதான் என்ற புகார்கள் எல்லா ஆண்டும் உண்டு. புகார்கள் உண்மைதான். ஆனாலும் ஒன்றுக்கும் நான்குக்கும் உள்ள தூரம் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

எனக்குக் கிடைத்தது ஒரு செட். காக்கி டவுசர், வெள்ளைச் சட்டை. சாயங்காலம் வந்ததும் கழற்றிவிட வேண்டும். அம்மா துவைத்து, மழைக்காலமென்றால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடும். காலையில் சட்டை காய்ந்திருக்கும், விறகுப் புகையின் வாடையும் ஏறியிருக்கும். என் பெஞ்சில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். தை மாதத்துக்குள் டவுசரின் பின்பக்கம் இரண்டு இடத்தில் கிழிந்து, தபால் பெட்டி என்று பெயர் வாங்கிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குழந்தைகள் தினத்தன்று எல்லோரும் கலர் டிரஸ்ஸில் வரலாம் என்று அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கும் நான் சீருடையில்தான் போனேன். "இன்னைக்குமாடா யூனிஃபார்ம்?" என்று கேட்ட ஆசிரியர் கெட்டவரில்லை. கல்யாணம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டைதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மற்ற நாட்களில் நானும் அவர்களும் ஒன்று. அந்த ஒரு நாளில்தான் நான் வேறாகத் தெரிந்தேன். சீருடையின் அருமை எனக்கு விளங்கியது சீருடை இல்லாத நாளில்தான். இப்போதும் அரசுப் பள்ளிகளில் பிறந்தநாளுக்குச் சீருடையிலேயே வந்து மிட்டாய் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் பார்த்தால் எதுவும் கேட்காதீர்கள், மிட்டாயை வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டை எதுவரைக்கும் காப்பாற்றும் என்பதை அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். 1901-ல், பத்து வயதுச் சிறுவனாக, அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் தந்தையைப் பார்க்க சத்தாராவிலிருந்து ரயிலில் போனார். புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச் செருப்பு என்று நல்ல உடையில் போனார்கள். மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப்போக யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி அன்பாக வந்து விசாரித்தார். உடையைப் பார்த்து அவர் வேறு யாரோ என்று நினைத்திருந்தார். நீங்கள் யார் என்று கேட்டார். மகர்கள் என்று சிறுவன் சொன்னதும் அவர் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டை வாடகை தந்து, மாட்டைப் பிள்ளைகளே ஓட்டுவது, வண்டிக்காரர் கூட நடந்து வருவது என்ற ஒப்பந்தத்தில்தான் வண்டி கிளம்பியது. "யார்" என்ற கேள்வி வரும்வரை துணி வேலை செய்தது, வந்த பிறகு செய்யவில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். நான்கு செட் சீருடையை ஒருவன் போட்டிருக்கலாம். உதவித்தொகைப் படிவம் வந்ததும் ஆசிரியர் "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு நிமிடத்தில் சட்டை காணாமல் போய்விடும்.

ஆசிரியர் சொல்லாவிட்டாலும் மாணவர்களே சொல்லிக்கொள்ள வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அரசு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை தந்தது. அவர்கள் மணிக்கட்டில் நிறம் கட்டினார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று எந்தக் கயிறு எந்தச் சாதி என்பது தென்மாவட்டப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். கயிறு போதாதென்று மோதிரம், நெற்றியில் ஒரு தினுசான பொட்டு, சட்டைக்குள்ளே தெரியும் பனியனின் நிறம், சங்கத் தலைவரின் படம் போட்ட டாலர். அரசு எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுக்கும் சைக்கிளில்கூடச் சாதி வண்ணம் பூசிக்கொள்கிறார்கள். விளையாட்டுக்கு ஆள் சேர்ப்பதிலிருந்து சண்டைக்கு ஆள் சேர்ப்பது வரை கயிறு பார்த்துத்தான் நடக்கிறது.

2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வி இயக்குநர், இந்தக் கயிறுகளைக் கண்டறிந்து தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் நேரில் பார்த்துச் சொன்னதன் பேரில் வந்த சுற்றறிக்கை அது. இந்து அடையாளங்கள் மீது கைவைக்கிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. தனக்குத் தெரியாமல் போனது, பழைய நடைமுறையே தொடரும் என்று அப்போதைய கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதே பள்ளி, அதே சீருடை.

அதன்பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது, சைக்கிளில் சாதிச் சாயம் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. மறுபடியும் அதே கூச்சல். கோயில் கயிறு கட்டிய பிள்ளையையும் தண்டிப்பார்களா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு நம் வீடுகளிலும் உண்டு. ஆனால் கோயில் கயிற்றுக்கும் சாதிக் கயிற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஊரில் யாருக்கும் தெரியாததில்லை. தெரியாததுபோல் நடிக்கிறார்கள். அம்மனுக்கு வேண்டிக் கட்டிய கயிறு என்றால், ஒரே தெருப் பையன்கள் மட்டும் ஒரே நிறத்தில் கட்டிக்கொண்டு ஏன் வருகிறார்கள்?

இந்த இடத்தில் ஆசிரியர்களைப் பற்றியும் பேச வேண்டும். காலையில் வாசலில் நின்று உடையைச் சோதிக்கும் ஆசிரியரின் கண்ணில் எது படுகிறது என்று பாருங்கள். பேண்ட்டை இறுக்கித் தைத்திருக்கிறாயா, சட்டை வெளுத்துப்போயிற்றா, பெல்ட் எங்கே, தலையில் என்ன புள்ளிங்கோ கட்டிங்? இவையெல்லாம் படுகின்றன. மணிக்கட்டு படுவதில்லை. முடி அதிகம் வைத்திருந்தவனை வெட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பலாம், அவன் அப்பா சண்டைக்கு வரப்போவதில்லை, கூலிக்குப் போயிருப்பார். கயிற்றை அறுத்தால் மறுநாள் பள்ளி வாசலில் வெள்ளை வேட்டிகள் வந்து நிற்கும். தலைமையாசிரியர் தனியாக நிற்க வேண்டும். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் அறுக்கும் வேலையை ஆசிரியரின் தைரியத்துக்கு விடக் கூடாது என்கிறேன். மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் எழுத்தில் ஆணையிட்டு, பள்ளித் திறப்பு நாளிலேயே பெற்றோரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்போது அது ஆசிரியர் போட்ட விதியாக இருக்காது. நம் தெருப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் கட்டினார்கள், நாங்களும் நீலத்தில் கட்டினோம் என்று சொல்லாதீர்கள். அம்பேத்கரை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள முடியாது.

விதி என்று வந்துவிட்டால் அது யாரை வெளியே நிறுத்தும் என்ற பயமும் கூடவே வருகிறது. கர்நாடகத்தில் 2022-ல் சீருடையைக் காட்டித்தான் ஹிஜாப் அணிந்த மாணவிகளைக் கல்லூரி வாசலில் நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம் மார்ச்சில் அதைச் சரி என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் எதிரெதிராகத் தீர்ப்பளித்தார்கள். தடையை ஏற்காத நீதிபதி துலியா, பெண் குழந்தையின் படிப்பே தம் மனத்தில் முதலில் நின்றது என்று எழுதினார். கயிற்றைத் தடைசெய்யச் சொல்கிறாயே, ஹிஜாபுக்கு மட்டும் விலக்கா என்று கேட்பார்கள். என் பதில் இதுதான். ஹிஜாப் அணிந்த மாணவி பக்கத்துப் பெஞ்சு மாணவியைப் பார்த்து நீ எனக்குக் கீழே என்று சொல்லவில்லை. கயிறு அதைச் சொல்வதற்காகவே கட்டப்படுகிறது. இன்னொன்று, கயிறு கட்டிய பையனைக்கூட வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கயிற்றை வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் பையன் வகுப்புக்குப் போக வேண்டும். படிக்க வேண்டிய தேவை அவனுக்குத்தான் அதிகம்.

இதையெல்லாம்விட அன்றாடமாகக் கடிக்கும் பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு வருவதில்லை. இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நிறமும் மாறும், துணியையும் நாமே எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கு, வளர்கிற வயதில், குறைந்தது இரண்டு செட் வேண்டும். பெண் பிள்ளைக்குச் சுடிதார், மேலே கோட்டு, துப்பட்டா என்று துணி இன்னும் அதிகம். தையல்கூலி தனி. நூறு நாள் வேலைக் கூலி எப்போது கணக்கில் ஏறும் என்று தெரியாத வீட்டில், ஜூன் மாதத்தில் இது நோட்டு, பை, பேருந்துச் செலவோடு சேர்ந்து வருகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும். ஆனால் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு எல்லாம் முடிந்து பணம் வரும்போது பள்ளி திறந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கடைக்காரர் அதுவரை காத்திருப்பாரா? வகுப்பு ஆசிரியரும் காத்திருப்பதில்லை. பழைய சட்டையில் வந்தவனை ஒருநாள் வெளியே நிற்கச் சொல்கிறார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் வருவதில்லை. சித்தப்பாவோடு கட்டட வேலைக்குப் போகிறான். வருகைப் பதிவேட்டில் அது இடைநிற்றல். சட்டை என்று எங்கும் எழுதியிருக்காது.

சீருடைக்கு எதிராகச் சொல்ல வேண்டியதில் வலுவானது இதுதான். வறுமையை மறைக்க வந்த துணி, வாங்க முடியாதவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை அரசே கொடுத்தால் இந்த வாதம் அன்றைக்கே விழுந்துவிடும். பதினோராம் வகுப்பில் சைக்கிள் கொடுக்கும் அரசுக்கு ஒன்பதாம் வகுப்பில் இரண்டு சட்டை கொடுக்க முடியாதா?

அரசுச் சீருடையே ஒரு அடையாளமாகி வருவதையும் மறைக்க முடியாது. பல ஊர்களில் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் ஊர்த்தெருவுக்குள் வருகிறது. டை, ஷூ போட்ட பிள்ளைகள் ஏறிக்கொண்டு மெட்ரிக் பள்ளிக்குப் போகிறார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மிஞ்சுவது காலனிப் பிள்ளைகள். அந்தச் சீருடையைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடுகிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளிடம், சீருடைக்கென்று தனியாகப் பணம் கேட்கும் பள்ளிகளும் உண்டு. இதற்குச் சீருடைக்குள்ளே விடை கிடையாது. ஊர் முழுக்க ஒரே பள்ளிக்கு வந்தால்தான் ஒரே சட்டைக்கு அர்த்தம். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று கையிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் தெரு அம்மாக்கள் பலர் அதில் உறுப்பினர்கள், பலமுறை கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தவர்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். வண்ணக் கயிறு, மோதிரம், டாலர் இந்தப் பள்ளியில் கிடையாது என்று தீர்மானம் போடுவீர்களா? சட்டை இல்லை, வெளுத்துவிட்டது என்பதற்காக எந்தப் பிள்ளையும் வகுப்புக்கு வெளியே நிற்காது என்று எழுதுவீர்களா? ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சீருடை எடுக்க முடியவில்லை என்று கணக்கெடுத்து ஆட்சியருக்கு அனுப்புவீர்களா? வாயால் சரி என்றால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.